முன்பக்கம் பளபளப்பு, பின்பக்கம் பஞ்சாயத்து

சாவோ பாவுலோ நகரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க வேண்டுமென்றால் எல்லோரும் போவது சான்டா இஃபிஜீனியா தெருவுக்கு. அந்தப் பக்கம் ஒரு பழுதுபார்க்கும் கடையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வந்தவை பெரும்பாலும் 70களிலும் 80களிலும் பிரேசிலிலேயே செய்த கிராடியன்ட், பாலிவாக்ஸ், சிசிஇ கம்பெனி ரிசீவர்கள், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டிகள்.

"சத்தமே இல்லை, செத்துப்போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். கடையின் மூத்த மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டார். முதலில் டேப் மானிட்டர் பொத்தானைப் பார்ப்பார். அது அமுங்கியிருந்தால் ரிசீவர், டேப் டெக்கிலிருந்து (டேப்பைப் பதிவு செய்து ஓட்டும் தனிப் பெட்டி) ஒலி வரும் என்று காத்திருக்கும். டெக் இல்லாத வீட்டில் நிசப்தம்தான். அடுத்து, பின்னால் பிரீ-அவுட்டையும் (முன் ஆம்ப்ளிஃபையரின் வெளிவழி) மெயின்-இன்னையும் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரின் உள்வழி) இணைக்கும் சின்ன உலோகத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பார். யாரோ கழற்றித் தொலைத்திருப்பார்கள். செத்துப்போனதாக வந்தவற்றில் பல இப்படிப் பிழைத்தவை. அதற்கும் காசு வாங்குவோம், அது வேறு விஷயம்.

உண்மையான தலைவலி டின் சாக்கெட். ஜெர்மனியில் பிறந்த, ஐந்து பின் வைத்த வட்ட சாக்கெட் அது. அமெரிக்க வழியில் வந்த, சேனலுக்கு ஒரு பின் வைத்துச் செருகும் ஆர்சிஏ ஜாக்கும் அதுவும் பல ரிசீவர்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்தக் காலத்தில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. 1967இல் வந்த மனௌஸ் சுதந்திர வர்த்தக மண்டலத்தின் வரிச்சலுகையை நம்பிக் கம்பெனிகள் அமேசான் காட்டு நடுவே தொழிற்சாலை போட்டன. வாங்குகிறவர் வீட்டில் ஐரோப்பிய டெக் இருக்கிறதோ ஜப்பானிய டெக் இருக்கிறதோ, இரண்டுக்கும் வழி வைத்தால்தான் ரிசீவர் விற்கும்.

டின்னில் 3, 5 பின்கள் டெக்கிலிருந்து வருகிற ஒலிக்கு, 1, 4 பதிவுக்குப் போகிற ஒலிக்கு, 2 எர்த். வருகிற ஒலியில் பிரச்சினை இல்லை, அடாப்டர் ஒயர் போட்டால் பாடும். பதிவுக்குப் போவதுதான் வில்லங்கம். எதிர்முனை டெக்கின் உள்வழி மின்தடையில் ஒவ்வொரு கிலோ ஓமுக்கும் சுமார் 1 மில்லிவோல்ட் என்பது டின் கணக்கு. 47 கிலோ ஓம் டெக்கில் செருகினால் கிடைப்பது 47 மில்லிவோல்ட். ஆர்சிஏ டெக் எதிர்பார்ப்பதோ சுமார் 300. லெவலைக் கூட்டக் கூட்டப் பாட்டோடு இரைச்சலும் ஏறும். "டெக்கில் ஹெட் (டேப்பைத் தொட்டுப் பதிவு செய்யும் பாகம்) தேய்ந்துவிட்டது" என்று வந்த சில வழக்குகளில் குற்றவாளி இந்த ஒயர்தான்.

இருந்தாலும் என் ஓட்டு டின்னுக்குத்தான். இரண்டு சேனலும் போக வர ஒரே ஒயர், மாற்றிச் செருக வழியில்லை. ஆர்சிஏவில் நடுப்பின் முதலில் தொட்டு அதன்பிறகே எர்த் தொடும். ரிசீவர் ஓடும்போது செருகினால் ஸ்பீக்கர் உறுமும். ஜெயித்தது என்னவோ ஆர்சிஏதான். அதைச் செய்வது மலிவு, சாலிடர் வைப்பதும் சுலபம்.

மின்சாரம் தனிக்கதை. சாவோ பாவுலோவில் 127 வோல்ட், தலைநகர் பிரேசிலியாவில் 220. வீடு மாறிப் போனவர்கள் பின்னால் இருக்கும் வோல்டேஜ் செலக்டரை மாற்ற மறந்தால், அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸோடு போகும்.

இப்போது சிலர் டின் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் ஓட்டை போட்டு ஆர்சிஏ வைத்துத் தரச் சொல்கிறார்கள். நான் அடாப்டர் ஒயர் செய்து தருகிறேன் என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். போகட்டும். பழைய ரிசீவர் வாங்க வருகிறவர் அதைத் திருப்பித்தான் முதலில் பார்ப்பார். புது ஓட்டை கண்ணில் பட்டால் அங்கேயே விலையை இறக்கிப் பேசுவார்.