பாங்கு சொல்லுற நேரம்

"எத்தனை மணிக்கு விழுந்தவர்?"

"இப்பதான் மிஸ்."

திருகோணமலைப் பக்கம் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக நான் அதிகம் கேட்ட பதில் இதுதான். கிண்ணியாப் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் திருத்தமாக, "மகரிப் பாங்கு சொல்லேக்க" என்பார்கள், பொழுது பட்டதும் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற நேரம். தம்பலகாமத்தில் மாடு பட்டிக்கு வரும் நேரம். நிலாவெளியில் கரைவலை இழுத்து முடித்த கையோடு. கந்தளாய் வீதியில் மோட்டார் சைக்கிளை வெட்டித் திருப்பி விழுந்த ஒருவர் "யானை நின்ட நேரம்" என்றார். அதை டிக்கட்டில், நோயாளியின் குறிப்புத் தாளில், எப்படி எழுதுவது?

நேரத்தைத் துருவித் துருவிக் கேட்பதற்குக் காரணம் ஒரு சின்ன ஊசி மருந்து, ட்ரனெக்சமிக் அசிட். அம்பியூல் என்கிற 5 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியில் 500 மில்லிகிராம். இரண்டை முறித்து 100 மில்லி சேலைனில் கலந்து 10 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். அப்புறம் இன்னொரு கிராம், 8 மணித்தியாலத்துக்கு மெதுவாக. காயம் பட்டதும் உடம்பு இரத்தத்தை உறைய வைத்துக் கட்டும். பெரிய காயமென்றால் கட்டியதைத் தானே கரைக்கவும் தொடங்கிவிடும். அந்தக் கரைப்பை மறிப்பதுதான் இந்த மருந்தின் வேலை.

விலை குறைந்த பழைய மருந்து. ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் சேர்ந்து கண்டுபிடித்து 1962இல் வெளியிட்டது. பிள்ளை பெற்றதும் இரத்தம் போய்ச் சாகும் தாய்மாரைக் காப்பாற்றத்தான் அந்த அம்மா இதைத் தேடினார். ஆனால் பல காலம் இது பெரிதும் உதவியது பல் வைத்தியருக்கும், மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகிற பெண்களுக்கும்தான். இரத்தம் உறையாத நோயுள்ளவருக்குப் பல் பிடுங்கினால் இதை வாயில் கொப்பளிக்கக் கொடுப்பார்கள். எங்கள் பல் பிரிவிலிருந்தும் இடைக்கிடை ஆள் வரும், "மிஸ், ஒரு அம்பியூல் இருக்கா?" என்று. இரத்தம் கட்டாமலிருக்க வார்பரின் குளிசை குடிக்கிற ஒரு ஆச்சிக்குப் பல் பிடுங்கிய குழி நிற்காமல் கசிந்தபோது, மருந்தில் நனைத்த துணித்துண்டைக் கடித்தபடி அரை மணித்தியாலம் வாங்கில் இருந்தா. பேச முடியாத கோபம் முகத்தில் தெரிந்தது. துணியை எடுத்ததும் முதல் கேள்வி, "தேத்தண்ணி குடிக்கலாமா?"

விபத்துக் காயத்துக்கு இது உதவும் என்று உறுதியானது 2010இல்தான். கிராஷ்-2 என்ற ஆய்வு, 40 நாடுகளில் 20,211 பேர். மருந்து பெறாதவர்களில் 16 வீதம் பேர் இறந்தார்கள், பெற்றவர்களில் 14.5 வீதம். சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் அடுத்த வருடம் அதே கணக்கை நேரப்படி பிரித்துப் பார்த்ததுதான் எங்கள் வேலையை மாற்றியது. முதல் மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் சாவது 7.7 வீதத்திலிருந்து 5.3 ஆகிறது. 3 மணித்தியாலம் கடந்து கொடுத்தால் 3.1 இலிருந்து 4.4 ஆகக் கூடுகிறது. பிந்தினால் பயனில்லை என்பது மட்டுமில்லை, தீமையும் வரலாம்.

இதை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன், கொப்பியிலும் எழுதினேன். ஆனாலும் எனக்கு உறைத்தது வேறொரு நாள். அது நடந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்.

இருட்டின பிறகு மூன்று பொடியன்கள் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளிறி, நாடி வேகமாக, இடுப்பைத் தொட விடவில்லை. "எப்ப?" என்றேன். "இப்பதான் மிஸ், அரை மணித்தியாலம்." நானும் அப்படியே எழுதினேன். டொக்டர் பார்த்தார், மருந்து சொன்னார், ஏற்றினேன். இரண்டாவது கிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது தாய் வந்து கட்டிலடியில் நின்று அழுதா. "மத்தியானம் சோறு கூடத் தின்னாம அப்பிடியே சுருண்டு கிடந்தான் மிஸ். முறிவு வைத்தியரிட்டையும் காட்டிட்டம்."

மத்தியானம்.

லைசன்ஸ் இல்லாத பயத்தில் பொடியன்கள் மறைத்திருக்கிறார்கள். டொக்டரிடம் போய்ச் சொன்னேன். ஏசவில்லை. டிரிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் எழுதிய நேரத்தின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதினார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பொடியன் சத்திர சிகிச்சை முடிந்து சில கிழமைகளில் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனான். அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு மணி கேட்பதைக் குறைத்துவிட்டேன். "வெயில் இருந்ததா? சாப்பிட்டவரா? பாங்கு சொல்லியாச்சா, இல்லையா?" என்று கேட்பேன். மகரிபுக்கு முன்னரா பின்னரா என்று பிடித்துவிட்டால் கால் மணித்தியாலத்துக்குள் நேரம் அகப்பட்டுவிடும். விழுந்த நேரத்தையும் வந்த நேரத்தையும் தனித்தனியாக எழுதுவேன். கூட வந்தவர்கள் இருவரென்றால் இருவரையும் தள்ளி நிறுத்தித் தனித்தனியே கேட்பேன். பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கிறது என்று ஒரு முஸ்லிம் அண்ணர், நாங்கள் காக்கா என்போம், முறைப்பட்டார். சரி, இருக்கட்டும்.

தலைக்காயத்துக்கும் இதே 3 மணித்தியாலம்தான். 2019இல் வந்த கிராஷ்-3, 12,737 பேரைச் சேர்த்தது. அதிகம் மோசமில்லாத காயத்துக்கு, நேரத்தோடு கொடுத்தால், தலைக்காயச் சாவு 7.5 வீதத்திலிருந்து 5.8 ஆகிறது. மிக மோசமான காயத்தில் அப்படி ஒரு தெளிவான பலன் தெரியவில்லை. சத்திர சிகிச்சை அறைக்கு 2022இல் பொய்ஸ்-3 என்ற ஆய்வு வந்தது. இரத்தப்போக்கு அங்கேயும் குறைந்தது. இரத்த வாந்தி எடுப்பவருக்குக் கொடுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வில் மட்டும் சாவு குறையவேயில்லை, நாளத்தில் இரத்தம் கட்டுவது கூடியது. எனக்குப் பிடித்தது அந்த ஆய்வுதான். நல்ல பெயர் எடுத்த மருந்தை எல்லா இடத்துக்கும் அள்ளி ஊற்ற எங்களுக்கும் கை துருதுருக்கும்.

ஒகமோட்டோ அம்மா ஆசைப்பட்ட தாய்மார் ஆய்வு, 20,060 பேரோடு, 2017இல் வெளிவந்தது. இரத்தப்போக்குச் சாவு குறைந்தது. அவர் 2016இலேயே போய்விட்டார்.

போன மாதம் உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு தம்பியைக் கொண்டு வந்தார்கள். வீதியில் படுத்திருந்த மாட்டில் மோதியவன். தலையில் காயம், கேட்டதற்குப் பதில் சொல்கிறான், ஆனால் சொன்னதையே திரும்பச் சொல்கிறான். கூட வந்தவனிடம் பாங்கா, வெயிலா என்று நான் தொடங்க முன்னரே போனை நீட்டினான். விழுந்து கிடந்த நண்பனையும் நசுங்கிய சைக்கிளையும் படம் எடுத்திருக்கிறான், தூக்குவதற்கு முன்னர்.

படத்தின் மேல் மாலை 6.42 என்று இருந்தது. சுவர் மணிக்கூட்டில் 7.20.

"தூக்காம படமா எடுத்தனீ?" என்று கேட்க வாய் வந்தது. டொக்டர் மருந்தைச் சொல்லிவிட்டார். பெட்டியைத் திறந்து இரண்டு அம்பியூலை எடுத்தேன்.