வேலியோரத்து வள்ளியும் கண்வலிக் கிழங்கும்

கடந்த மாசியில், ஒட்டன்சத்திரம் பக்கமுள்ள எங்கள் தோட்டத்து வேலியோரம் வரப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, விரல் தடிமனில் வெளிறிய பழுப்பு நிறக் கிழங்கு ஒன்று மண்வெட்டியில் சிக்கியது. முந்தைய மழைக்காலத்தில் அதே இடத்தில், கிழங்கை உண்ணும் கொடியான காட்டுவள்ளி படர்ந்திருந்ததைப் பார்த்திருந்ததால், வேறு யோசனையின்றி அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை அதைக் கையில் வாங்கவேயில்லை. "கொடி எங்கே? வெறும் கிழங்கைக் காட்டினால் எதை வைத்துச் சொல்வது?" என்று கேட்டார்.

திரும்பிப் போய்த் தோண்டியபோது மறுபாதி கிடைத்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஏர்க்கலப்பை போல் இரு கவடுகளாக விரிந்தது. கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால் வந்ததுதான். கண்வலிக் கிழங்கு என்றும் சொல்லப்படும் செங்காந்தளின் கிழங்கு அது. விதைக்காக எங்கள் வட்டாரத்திலும் மூலனூரிலும் பயிரிடுகிறார்கள். வேலிகளில் தானாகவும் முளைக்கும். ஒரு கவடு வெட்டுப்பட்டால் மிஞ்சுவது, வள்ளி என்று யாரும் நம்பக்கூடிய ஒரு துண்டு.

கொடி பச்சையாக இருக்கும்போது குழப்பமே இல்லை. வெற்றிலையை ஒத்த காட்டுவள்ளி இலைக்குக் காம்பு உண்டு. அடியிலிருந்து பல நரம்புகள் விரிந்து செல்லும். தண்டே கொம்பைச் சுற்றி ஏறும். செங்காந்தள் இலையோ காம்பில்லாமல் ஈட்டிபோல் நீண்டு, நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி எதையாவது பிடித்துக்கொள்ளும். கோடையில் இரண்டும் காய்ந்துவிடுவதால்தான் ஆபத்து.

செங்காந்தள் கிழங்கிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும்; அவை அடங்கிய பிறகும் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிர் போகலாம். ஆகவே, சாப்பிட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி வரும்வரை காத்திராமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வள்ளி இனத்துக்குள்ளேயே நஞ்சுள்ளவையும் உண்டு. மலைப்பகுதியில் வளரும் மூன்று சிற்றிலைக் கொடி ஒன்றின் கிழங்கை, சீவி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போடாமல் உண்டால் வலிப்பு வரும். உண்ணத்தக்க ஐந்திலை வள்ளியும் சில வேளைகளில் மூன்று சிற்றிலையோடு நிற்கும் என்பதால், அந்தப் பக்கம் நான் கை வைப்பதில்லை.

அந்தச் செங்காந்தள் கிழங்கை வேலியோரமே புதைத்து, மேலே கம்பியில் சிவப்புத் துணி கட்டிவைத்தேன். இப்போது ஐப்பசி, இலை நுனிகள் அந்தத் துணியையே சுற்றிக்கொண்டிருக்கின்றன.