சாரல் அடிக்கும் மேற்குச் சுவர்

செங்கோட்டையில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு மேற்குச் சுவர் என்றாலே கவலைதான். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றோடு வரும் சாரல் நேரே அதன்மேல் அடிக்கும். எங்கள் வீடு, 1956-இல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர்.

அத்தனை வருஷச் சாரலையும் தாங்கிய சுவர் அது. வெளியே சிமெண்ட் பூசி, உள்ளே எமல்ஷன் அடித்த பிறகுதான் ஓதம் போகவே மாட்டேன் என்றது. பெயிண்ட் கொப்புளமாக எழும்பும். நகம் பட்டால் உடைந்து, உள்ளேயிருந்து உப்பு, மாவு மாதிரி கொட்டும். வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிப் பலரும் யோசனை சொன்னார்கள். வயதான கொத்தனார் ஒருவர் மட்டும் வெளிப்பூச்சைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பாதி இடத்தில் பொள்ளல் சத்தம். “செவத்துக்குள்ள போன தண்ணி வெளிய வர வழி வேணுமில்லா தம்பி? சிமெண்ட வச்சு அடைச்சா அது எங்க போவும்?” என்றார். விஷயமே அதுதான். சிமெண்டில் மயிரிழை வெடிப்பு விழும். அதில் இறங்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள் திரும்பும்.

பூச்சில் கை வைக்கும் முன் தண்ணீர் வரும் வழிகளை அடைத்தோம். உடைந்த ஓடுகளை மாற்றினோம். தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு, மண் அடித்தளத்துக்கு மேலே ஏறியிருந்தது. சுவரோரம் தோண்டித் தாழ்த்தி ஜல்லி நிரப்பினோம். அடிச்சுவர் ஓதத்தில் பெரும்பகுதி இதிலேயே குறைந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் தை மாதம் சிமெண்டை உரித்தோம். இதில் பொறுமை வேண்டும். ஓங்கி அடித்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். பூத்த உப்பைக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிப் போட வேண்டும். உள்சுவரின் எமல்ஷனையும் சுரண்டி எடுத்தோம்.

இப்படிப்பட்ட சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் காயும் என்பார்கள். அப்படியானால் ஒன்றரை வருஷம். அதுவரை வெறுஞ்சுவராகப் போட்டுவைக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புப் பூச்சு வழியாக மிச்ச ஈரம் வெளியேறிவிடும். வெயிலில் கொஞ்ச காலம் ஆறவிட்டு, சாரலுக்கு முன்பே பூசினோம். நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்தார் கொத்தனார் அண்ணாச்சி. மெல்லிசாக இரண்டு பூச்சு. சித்திரை வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும் என்று ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். அப்புறம் வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான், இருபுறமும். பெயிண்ட் கிடையாது.

இப்போதும் சாரல் நாளில் வெளிச்சுவர் நனைந்து கறுக்கத்தான் செய்கிறது. வெயில் வந்ததும் வெளுத்துவிடுகிறது. உள்ளே கொப்புளம் இல்லை. குளியலறையை ஒட்டிய மூலையில் மட்டும் ஒரு திட்டு இன்னும் காயவில்லை. அது குழாய்க் கசிவாக இருக்கும் என்று தோன்றுகிறது, பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன்.