வேலிக்கு அந்தப் பக்கம் போன ஸ்குவாட்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்த மாதங்களில்தான் கொம்பாட் மிஷன் என்ற கணினிப் போர் விளையாட்டைப் படித்தேன். கொப்பி வைத்துக் குறிப்பு எழுதித்தான் அது எனக்குப் பிடிபட்டது, அதனால் படித்தேன் என்றே சொல்கிறேன். எடுத்தது 2011இல் வந்த நோர்மண்டிப் பதிப்பு. களம் இரண்டாம் உலகப் போரின் 1944, பிரான்சின் நோர்மண்டிக் கரை; என் பக்கம் அமெரிக்கக் காலாட்படை.

எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம். வெடிச்சத்தம் காதில் விழுந்தால் அம்மாவுக்கு அன்றிரவு நித்திரை வராது. ஹெட்போன் போட்டுப் பார்த்தேன். அம்மா கூப்பிடுவது கேட்கவில்லை, அதையும் விட்டேன். கடைசியில் சத்தமே இல்லாமல் விளையாடினேன். காது இல்லாததால் கண் திரையின் கீழ் மூலைக்குப் போனது. தெரிவு செய்த குழுவுக்கு மேலே யார் யார் தலைமை, அவர்களோடு தொடர்பு இருக்கிறதா என்று அங்கே பச்சையிலும் சிவப்பிலும் காட்டும்.

அதைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஏன் தோற்கிறேன் என்று விளங்கியது. ஒரு ஸ்குவாட், அதாவது பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழு, வேலியைத் தாண்டிப் போய் இயந்திரத் துப்பாக்கி ஒன்றைக் கண்டிருக்கிறது. சில ஸ்குவாட்கள் சேர்ந்ததுதான் பிளாட்டூன்; அதன் தலைவரோடு இந்த ஸ்குவாட்டுக்குத் தொடர்பு சிவப்பு. கண்ட செய்தி மேலே போகவில்லை, பக்கத்து ஸ்குவாட்டுக்கும் வரவில்லை. அவர்கள் நேரே அதன் முன்னால் நடந்து போனார்கள். தொடர்பு இருந்திருந்தால், அவர்களைத் தெரிவு செய்யும்போது அந்த இடத்தில் எதிரி இருக்கலாம் என்று காட்டும் ஒரு கேள்விக்குறியாவது தெரிந்திருக்கும், நானும் நிறுத்தியிருப்பேன். தொடர்பு அறுந்த ஆட்கள் சூடு விழும்போது சீக்கிரம் கலங்குவதையும் அப்போதுதான் கவனித்தேன்.

அக்காலத்து அமெரிக்கப் படையில் கைறேடியோ பிளாட்டூன் மட்டத்தோடு நின்றுவிட்டது. ஸ்குவாட்டுக்குக் குரலும் கண்ணும்தான். அது எவ்வளவு தூரம் எட்டும் என்று அறிய ஒரு பின்னேரம் தம்பியைக் குளக்கட்டுக்குக் கூட்டிப் போனேன். கட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் அவன் தலை மறைந்தது, பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது. பற்றைக்குள் இன்னும் அறுபது எட்டு வைத்தான். சத்தம் வந்தது, சொல் விளங்கவில்லை. பிறகு தூரத்தில் கட்டின்மேல் ஏறிக் கையை அசைத்தான். வா என்கிறான் என்று உடனே தெரிந்தது. விளையாட்டிலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். கிட்ட இருந்தால் குரல், வெளியாக இருந்தால் பார்வை. நோர்மண்டியின் உயர்ந்த மண்வேலி இரண்டில் ஒன்றை எப்போதும் பறித்துவிடும்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். விளையாட்டோடு வரும் வரைபடம் செய்யும் எடிட்டரில் வேலிகள் நிறைந்த சிறு வரைபடம் ஒன்று செய்யுங்கள். எதிரிக்கு ஒரேயொரு குழுவைத் தூர மூலையில் வையுங்கள். உங்களுக்கு ஒரு பிளாட்டூன், மூன்று ஸ்குவாட். முந்நூறு மீற்றர் முன்னேற வேண்டும், ஒரு நிமிடம்கூட எதுவும் சிவப்பாகக் கூடாது. நான் இதை இரண்டு கிழமை செய்தேன். சிவப்பான ஒவ்வொரு தடவையும் எந்த நிமிடம், எந்த வேலி என்று கொப்பியில் எழுதினேன். முக்கால்வாசிப் பிழைக்கும் காரணம் ஒன்றே: மூன்று ஸ்குவாட்டையும் ஒரே நிமிடத்தில் நகர்த்தியிருக்கிறேன்.

அதனால் ஒன்று நகரட்டும், மற்றவை பார்த்திருக்கட்டும். அது அடுத்த வேலியில் அமர்ந்த பிறகு தலைவர் வேலியின் இடைவெளி வரைக்கும் வரட்டும், அங்கிருந்து இரு பக்கமும் தெரியும். விளையாட்டு நிலத்தைக் கட்டம் கட்டமாகத்தான் பார்க்கும்; ஒரு கட்டம் 8 மீற்றர்தான், அந்த ஒரு கட்டம் தள்ளி நின்றாலே பச்சை சிவப்பாகிவிடும். தலைவரின் குழுவைச் சுடுவதற்கென்று முன்வரிசைக்கு அனுப்பாதீர்கள், ஆசை வரும். ஸ்குவாட்டை இரண்டாகப் பிரித்தால் கவனிக்க வேண்டிய தொடர்பும் இரண்டாகும், வேவுக்கு மட்டும் பிரியுங்கள், வேலை முடிந்ததும் சேர்த்துவிடுங்கள்.

சரி, தலைவர் விழுந்துவிட்டால்? அந்தப் பிளாட்டூனை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு, பிளாட்டூன்களுக்கு மேலே உள்ள கம்பனியின் தலைவரை அவர்கள் பக்கம் நகர்த்துங்கள். அவர் வந்து சேர ஐந்தாறு நிமிடம் போகும். நான் அந்த நேரத்தைக் கொடுத்துவிடுவேன்.