கல்லூரியில் மனச்சோர்வு ஸ்கிரீனிங்: படிவம் வாங்கிய பிறகு

மனச்சோர்வு அறிகுறிகளைக் கேட்டறியும் பி.எச்.கியூ-9 படிவத்தைக் கொடுத்து வாங்க ஐந்து நிமிடம் போதும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (கிட்டத்தட்ட தினமும்) வரை, அதிகபட்ச மொத்தம் 27. திணறல் அதற்கப்புறம்தான். அதனால் கவுன்சலரால் வாரத்துக்கு எத்தனை புதியவர்களைப் பார்க்க முடியும் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டு, அந்த அளவுக்குத்தான் வகுப்புகளை அழைக்கிறோம். எல்லோருக்கும் ஒரே நாளில் லிங்க் அனுப்பினால் உதவி தேவைப்படுபவர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். கூப்பிடும்போது பலர் "இப்போ பரவாயில்லை" என்று நழுவிவிடுவார்கள்.

படிவத்தை வகுப்பாசிரியர் வாங்கக் கூடாது. வாங்கினால் வரிசையாக 0 தான் வரும். யார் பார்ப்பார்கள், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாரிடம் சொல்வோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெயரே வேண்டாம் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் ஆபத்தில் இருப்பவரை அப்புறம் தேடிப் பிடிக்க வழியிருக்காது.

ஒன்பதாவது கேள்வி சாவு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய எண்ணங்களைக் கேட்பது. அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் வெறும் 6 ஆனாலும், அன்றே நேரில் பேசியாக வேண்டும். ஆன்லைன் படிவத்தை இரவில் திறந்து வைக்காததற்குக் காரணம் இதுதான்: நள்ளிரவில் வந்த பதிலை மறுநாள் மதியம் பார்த்து என்ன பயன்? சுற்றி வளைக்காமல் கேட்கலாம்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? அதுக்கானது கைக்கு எட்டுற மாதிரி இருக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. திட்டமும் வழியும் இருந்தால் தனியே விடாமல், கூடவே இருந்து அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும்.

மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு விசாரிப்பது வழக்கம்; ஆனால் அதை வைத்தே மனச்சோர்வு என்று முடிவு கட்டக் கூடாது. தூக்கம், அசதி, பசி, கவனம் ஆகிய நான்கு கேள்விகளிலேயே 12 வரை சேரும். பரீட்சை வாரத்தில் கண்விழித்துப் படிப்பவருக்கு இது சர்வசாதாரணம். ஆகவே ஆர்வமின்மை, மனம் சோர்ந்திருப்பது பற்றிய முதல் இரண்டு கேள்விகளைத் தனியாகப் பாருங்கள். இரண்டும் 0 என்றால் ரத்தசோகை, தைராய்டு, தூக்கக்கேடு ஆகியவற்றையும் யோசிக்க வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கும் முன், தூக்கமே இல்லாமல் உற்சாகம் கரைபுரண்ட நாட்கள் உண்டா என்று மருத்துவர் விசாரிப்பார். அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு இருந்தால் சிகிச்சையே வேறு.

போன் நம்பர் எழுதிய சீட்டோடு அனுப்புவது கைகழுவுவதுதான். மாணவர் எதிரில் இருக்கும்போதே நேரம் குறித்து, சம்மதம் கேட்டு, முடிந்தால் கவுன்சலர் அல்லது மருத்துவரின் அறை வரை கூடவே போய் அறிமுகப்படுத்துங்கள். வரவில்லை என்றால் ஓரிரு நாளில் அழைக்க ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். "யாராவது பண்ணுவாங்க" என்றால் யாரும் பண்ண மாட்டார்கள்.

சில வாரம் கழித்து அதே படிவத்தைத் திரும்பக் கொடுக்கிறோம். 5 புள்ளி குறைந்தால் முன்னேற்றம்; குறையாவிட்டால் சிகிச்சையை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். செமஸ்டர் விடுமுறையில்தான் தொடர்பு பெரும்பாலும் அறுகிறது. ஊருக்குக் கிளம்பும் முன்பே அங்கே யாரைப் பார்ப்பது, மாத்திரை எதுவரை வரும் என்று பேசிவிடுங்கள். தீர்ந்துபோய் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம்.