நிழல் மேற்கே கிடந்தது

பழைய மாணவர் சங்க மலருக்குக் கல்லூரி நினைவு ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். கிரிக்கெட் வெற்றிகளையும் விடுதிச் சாப்பாட்டையும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் ரொறன்ரோவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். 2003ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் தரம் 10இல் படித்த நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து விட்ட பிழை.

சித்திரை பிறக்கும் முன் ஈழத்துப் பத்திரிகைகளில் ஒரு சின்னச் செய்தி வரும். சூரியன் இலங்கைக்கு நேராக உச்சம் கொடுக்கிறது என்பார்கள், அதாவது நண்பகலில் தலைக்கு நேர் மேலே நிற்கும், நிமிர்ந்து நிற்கும் கம்புக்கு நிழல் விழாது. ஏப்ரல் 5 அளவில் தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கும் உச்சம், யாழ்ப்பாணம் வந்து சேரப் பத்து நாள் எடுக்கும். அந்தச் செய்தியை வகுப்பில் வாசித்த ஒருவன், “இந்தச் சின்ன நாட்டைக் கடக்க ஏன் சேர் பத்து நாள்?” என்று கேட்டான். விஞ்ஞான சேர் பதில் சொல்லவில்லை. கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, “அழிக்கவேண்டாம்” என்று கீழே கோடிட்டுவிட்டுப் போய்விட்டார். கேள்வி கேட்டவன் இன்னொரு நல்ல கேள்வியோடு திரும்பி வந்தால்தான் அவர் வாய் திறப்பார். அந்த வயதில் எங்களுக்கு அது பெரிய எரிச்சல்.

பூகோள உருண்டையும் டோர்ச் லைட்டுமாக ஒரு வாரம் மல்லுக்கட்டிய பிறகுதான் எரத்தோஸ்தனிசின் கதையைச் சொன்னார். அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவர், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு. எகிப்தின் தெற்கேயுள்ள சயீனில் உச்சி வெயிலில் நிழல் விழாத நாளில் அலெக்சாந்திரியாவில் சூரியன் 7.2 பாகை சரிந்திருந்தது. அது வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. “எங்களுக்கு அலெக்சாந்திரியா எது?” என்று நாங்கள் கேட்டோம். அட்லஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அட்லஸில் யாழ்ப்பாணத்தை ஒட்டிப் போகும் 80 பாகை நெடுங்கோட்டின்மேல் விரலை வைத்து மேலே நகர்த்தினால் சென்னை வருகிறது. சென்னையில் வளசரவாக்கத்தில் என் மச்சான் இருந்தான். 1990இல் மாமா குடும்பம் படகேறியபோது அவனுக்கும் எனக்கும் இரண்டு வயது. புகைப்படத்தில் மட்டுமே தெரிந்தவன். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தபின் கொமியூனிகேஷன் கடையிலிருந்து மின்னஞ்சல் அனுப்பலாம் என்றானது. எழுதினேன். அவன் மூன்று நண்பர்களையும் தன் பள்ளியின் இயற்பியல் ஆசிரியையையும் சேர்த்துக்கொண்டு பதில் போட்டான். இரண்டு நாடு, இரண்டு பாடத்திட்டம், கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆளுக்கொரு ஒரு மீற்றர்க் கம்பு. வீட்டில், “இது சோதனைக்கு வருமா?” என்று மட்டும் கேட்டார்கள்.

நேரத்தை மச்சான்தான் கணக்கிட்டான். இந்திய நேரம் 82½ பாகைக்கு உரியது. நாம் 80இல் இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆக உச்சி 12.10க்கு. “ஏப்ரல் 15, சரியாக 12.10” என்று எழுதியிருந்தான்.

புதுவருஷத்துக்கு மறுநாள். மண் நிரப்பிய வாளியில் கம்பை நட்டு, மேசன் ஒருவரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டால் நிமிர்த்தி, கீழே வெள்ளை பிறிஸ்டல் போர்ட் விரித்தோம். எங்களுக்கு நிழலே விழக்கூடாது. 12.10க்குப் பார்த்தால் 13 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு நிழல் சாவகாசமாகப் படுத்திருந்தது. பென்சிலால் கோடு போட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உறவினர் வீடுகளுக்குப் போனோம். சென்னையில் 6 சென்ரிமீற்றர் வந்ததாக மச்சான் குதூகலமாக எழுதியிருந்தான்.

தவணை தொடங்கியதும் பிறிஸ்டல் போர்டைச் சேரிடம் கொண்டுபோனோம். தன் அடிமட்டத்தால் அளந்து பார்த்தார். பிறகு, “நிழல் எந்தப் பக்கம் கிடந்தது?” என்றார்.

“மேற்கே, சேர்.”

“நல்லது” என்று சொல்லிச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவருக்கு அந்த நிமிடமே விளங்கியிருக்கும். இன்று ஸ்காபரோவில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு, மாணவன் கண்முன்னே தவறும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். அந்த மனிதர் வாரக்கணக்கில் மூடியிருந்தார். நாங்கள் வாளி சரிந்தது என்றோம், பத்திரிகை பிழை என்றோம், கடைசியில் மச்சானின் கணக்குப் பிழை என்று ஒருவன் சொல்ல, அதை நான் மறுக்க, கைகலப்பு வரை போனது. மச்சானுக்கும் கோபம். அவன் ஆசிரியைதான் வழி சொன்னார்: சண்டையை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலை அளந்து வரைபடம் கீறுங்கள், எப்போது மிகக் குறுகுகிறது என்று பாருங்கள். மே மாதத்தில் செய்தோம். எங்கள் நிழல் 12.30க்கும் 12.40க்கும் இடையில்தான் குறுகியது. ஒரே கோட்டிலிருக்கும் இரண்டு ஊரில் ஒன்றுக்கு மட்டும் சூரியன் அரை மணி பிந்தி வருமா?

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அப்பம்மா சுவாமி அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்த மணிக்கூடு அரை மணி பின்னால் நின்றது. அது எப்போதும் அப்படித்தான். 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை மணியாகக் குறைத்தது. அப்பம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. இராகு காலம் அரசாங்கத்தைக் கேட்டு வருவதில்லை என்பது அவர் கட்சி. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியிலும் பழைய நேரம்தான். முகமாலைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்புவார்கள். இவ்வளவும் எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். ஆனால் அதை நாட்டு நடப்பாக நினைத்திருந்தோமே தவிர, ஒரு கம்பின் நிழலோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. மச்சானின் 12.10 அப்பம்மாவின் மணிக்கூட்டில் 12.10. எங்கள் கையில் 12.40. நாங்கள் அரை மணி முந்திப் போய் அளந்திருக்கிறோம். அப்போது சூரியன் இன்னும் கிழக்கில், நிழல் மேற்கில்.

சூரியன் திரும்பி வரும் வழியில் ஓகஸ்ட் 28 அளவில் மறுபடி உச்சம் கொடுக்கும். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு அளந்தோம். (அந்த வாரம் செவ்வாய்க் கிரகம் ஏறத்தாழ அறுபதாயிரம் ஆண்டுகளில் இல்லாத அளவுக்குப் பூமிக்கு நெருங்கி வந்து இரவெல்லாம் சிவப்பாக எரிந்தது, எங்களுக்கு அதைப் பார்க்கப் பொறுமையில்லை.) இம்முறை நிழல் தட்டுப்படவில்லை. சென்னையில் 5.7 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ 3.26 பாகைச் சரிவு. அட்லஸில் நூல் வைத்து எடுத்த தூரம் 375 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவு 41,400 கிலோமீற்றர் என்று வந்தது. உண்மையில் 40,000 சொச்சம். நாங்கள் துள்ளினோம். சேர், “அந்த 1,400 கிலோமீற்றர் எங்கேயிருந்து வந்தது?” என்றார்.

அதற்கு இரு கரையும் சேர்ந்து இரண்டு பக்கம் எழுதினோம். ஒரு மீற்றர் உயரக் கம்பின் நிழல் ஓரம் கூர்மையாக விழுவதில்லை. சூரியன் அரைப் பாகை அகலமான தட்டு என்பதால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மங்கும். ஆக எங்கள் கம்புக்கும் சில மில்லிமீற்றர் நிழல் இருந்து கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். நூலும் நீண்டிருக்கலாம். என் பள்ளி வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் அந்த இரண்டு பக்கத்தை மட்டும்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இன்று என் மாணவர்கள் ஹவாயிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களில் சிறுகோள் தேடுகிறார்கள். பல நாட்டுப் பாடசாலைகள் சேர்ந்து செய்யும் வேலை அது, நல்ல வேலைதான். ஆனால் படம் நேரம் குறித்தே வருகிறது. யாருடைய நேரம் என்று எவரும் சண்டை பிடிப்பதில்லை.

2006இல் அரசாங்கம் கடிகாரத்தைப் பழைய இடத்துக்கே திருப்பியது. அதுவும் ஏப்ரல் 15ஆம் திகதி. மச்சான் சென்னையிலிருந்து அப்பம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, இனி இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்று சொன்னானாம். வீட்டில் எல்லோரும் மணிக்கூடுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பம்மா சுவாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு, இதை மட்டும் ஒருவரும் தொடக்கூடாது என்றாராம்.