சரிக்குச் சரி

ஜூலை 1, செவ்வாய்

வீட்டுக்காரரை டயாலிசிஸ் மெஷின்ல போடும்போது எடை 63.4. இறங்கும்போது 60.9. நாலு மணி நேரம், ரெண்டரை கிலோ தண்ணி. வர்ற வழியில சயன் சர்க்கிள்ல டாக்ஸி நின்னது நின்னதுதான், மழை.

ஜூலை 2

மத்தியானம் பாண்டிவாலி வந்தா, பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கறவ. இவரோட பேன்ட் எல்லாம் இப்ப இடுப்புல நிக்கறதில்ல, பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டுப் போட்டு பெல்ட்டே போயிடுச்சு, அதனால அஞ்சு பேன்ட், மூணு சட்டை, என் ரெண்டு சிந்தடிக் புடவைனு எடுத்து வெளிய போட்டேன். அவ உக்காந்து ஒவ்வொண்ணா விரிச்சுப் பாக்கறதைப் பாக்கணுமே, ஜிப்பை மேல கீழ இழுத்துப் பாக்கறா, காலரைத் திருப்பிப் பாக்கறா, பேன்ட்டோட உள் தொடை தேஞ்சிருக்கானு வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறா. புடவையைத் தொடவே இல்ல. ஜீன்ஸ் இருக்கானு கேட்டா, பாப்பாவோடது ஒண்ணு குடுத்தேன். கூடையிலேர்ந்து மூடி போட்ட ஸ்டீல் டப்பா எடுத்து வெச்சா. நான் கடாய் கேட்டேன். "ஏக் பேன்ட் அவுர் தோ"ங்கறா. இன்னொண்ணு குடுத்தேன், அப்புறம் இன்னொரு சட்டை, கடைசில கடாய் வந்துச்சு. தூக்கிப் பாத்தா காத்து மாதிரி இருக்கு, அடியில கனமே இல்ல, வெங்காயம் போட்டா புடிச்சுக்கும்.

இவங்க குஜராத் பக்கத்து வாக்ரி ஜனங்க, இந்தத் துணியை எல்லாம் துவைச்சு, பட்டன் வெச்சு, இஸ்திரி போட்டு பழைய துணிச் சந்தையில விப்பாங்க. அப்ப அவளுக்கு லாபம்தானே. ஆனா எனக்கு அந்தப் பேன்ட் பரண்ல கிடந்த சாமான்தானே. யாரு யாரை ஏமாத்தினதுனு ராத்திரி வரைக்கும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. புடவையை அவ தொடாதது வேற கோவம்.

ஜூலை 4

ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு வேலை செய்யுதுனு காட்டற டிடிபிஏ ஸ்கேன் ரிப்போர்ட் ரெண்டும் வந்தாச்சு. என்னோடது இடது 49, வலது 53. என் கிட்னி இவருக்கு ஒத்து வராது, அந்தக் கண்டிவலி அம்மாவோடது அவங்க பையனுக்கு ஒத்து வராது, அதனால மாத்திக் குடுக்கறோம். அவங்களோடது இடது 40, வலது 43. ரெண்டு பேருக்கும் இடதுதான் எடுப்பாங்களாம். நல்லதா இருக்கறதை டோனருக்கே விட்டுடணும்ங்கறது ரூலாம், போதாததுக்கு இடது பக்கத்து ரத்தக்குழாய் நீளம், வெச்சுத் தைக்க சௌகரியம்.

எனக்கு 39 வயசு, அந்தம்மாவுக்கு 57. என் பி குரூப் அவங்க பையனுக்கு. அவங்க ஏ குரூப் இவருக்கு.

49. 40.

டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நாப்பது வயசுக்கு மேல வருஷத்துக்கு ஒரு பாயின்ட் போல கொறையறது எல்லாருக்கும் உள்ளதுதான், 57ல இவ்வளவு இருக்குன்னா நல்ல கிட்னி, உங்க வீட்டுக்காரருக்கு வயசு 46, அவருக்குத் தாராளமா போதும்னாரு. போதும்ங்கறது வேற, சரிக்குச் சரிங்கறது வேற இல்லையா சார்னு கேட்டேன். அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டுட்டாரு.

ஜூலை 5

உருளைக்கிழங்கை வெட்டி ரெண்டு தண்ணி மாத்தி ஊற வெச்சு வேக வெச்சேன். சத்தே இல்ல. அதுதான் வேணுமாம், பொட்டாசியம் போகணும்.

ஜூலை 8, செவ்வாய்

அத்தை நேரடியாவே சொல்லிட்டாங்க. "ஏம்மா, புதுசைக் குடுத்துப் பழசை வாங்குறோமா? ஊர்ல இரும்புக்குப் பேரீச்சம்பழம் குடுக்கறவன்கூட தராசு கொண்டு வருவான்." நான் வாயே திறக்கல. நான் மனசுக்குள்ள வெச்சிருந்ததை அவங்க சத்தமா சொன்னதும் எனக்கு ஏன் அவ்வளவு எரிச்சல் வந்துச்சுனு தெரியல.

கொழுந்தன் ஒரு படி மேல. பழைய ஃபோனைக் குடுத்துப் புது ஃபோன் எடுத்தா மேல காசு கட்டறோம்ல அண்ணி, வயசு வித்தியாசத்துக்கு அவங்ககிட்ட ஏதாச்சும் கேக்கலாம், அவங்களுக்குக் கடை இருக்கு, வசதியானவங்கதான்னான். ஜெயில்டா அது. ஒரு ரூபா கை மாறினாலும் அஞ்சுலேர்ந்து பத்து வருஷம், அபராதம் இருபது லட்சத்துக்குக் குறையாது. 1994 சட்டத்துல இந்த மாத்திக்கற வழியே கிடையாது, 2011ல திருத்தினப்பதான் சேத்தாங்க. அதுலயும் நெருங்கின சொந்தம் குடுத்தா மட்டும்தான், பொண்டாட்டி புருஷனுக்கு, அம்மா பையனுக்குனு குடுக்க வந்து குரூப்போ வேற ஏதாச்சுமோ ஒத்து வராதவங்க மட்டும். ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டர் பொண்ணு முதல் நாளே படிச்சுப் படிச்சு சொல்லுச்சு, பழம், ஸ்வீட் பாக்ஸ் தவிர எதுவும் குடுக்காதீங்க வாங்காதீங்கனு.

காசு நடுவுல வரக்கூடாதுன்னா அப்ப வித்தியாசம்னு ஒண்ணு இருந்தா அதை எங்க போய்த் தீத்துக்கறது. யாரையும் கேக்க முடியல. இவர் பக்கத்துல தூங்கறாரு, டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாயைச் சேத்துத் தெச்ச ஃபிஸ்டுலா கையை என் மேல போட்டுட்டு, கொர்ருனு அது அதிர்றது என் தோள்பட்டை வரைக்கும் வருது.

ஜூலை 11

அவங்களைப் பாத்தோம். ஓபிடில. சின்னப் பையன், 26 வயசு, முகம் வீங்கி, தொப்பி போட்டு காதுல இயர்ஃபோன். அந்தம்மா என் கையைப் புடிச்சவ விடவே இல்ல, ஹிந்தி பாதி குஜராத்தி பாதி, என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தா. பிரஷர் இருக்கா, சுகர் இருக்கா, குழந்தைங்க எத்தனை, எப்ப தூங்குவேன்னு எல்லாம் கேட்டா. ஜிப்பை இழுத்துப் பாத்தவ ஞாபகம் வந்துடுச்சு. ஆனா நானும் அதேதான் பண்ணிட்டிருந்தேன், அவ மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குதானு பாத்தேன்.

கவனிச்ச இன்னொண்ணு. குடுக்க வந்தவங்க பெஞ்சுல அன்னிக்கு உக்காந்திருந்தது முழுக்கப் பொம்பளைங்க. பொண்டாட்டி, அம்மா, அக்கா. வாங்கற பக்கம் பாத்தா அப்படி இல்ல. இதுக்கு எந்த டாக்டர்கிட்டயும் ஸ்கேன் கிடையாது.

அவங்க சுத்த சைவம், வெங்காயம் பூண்டு கூட கிடையாதாம். இவர் ரயில்ல வரும்போது, "அந்தம்மா கிட்னி வந்ததும் நெத்திலிக் குழம்பு உள்ள எறங்குமா?"ங்கறாரு. குர்லா தாண்டற வரைக்கும் சிரிச்சோம். ரொம்ப நாளாச்சு.

ஜூலை 13

அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார் வேற எப்படிப் பேசுவாரு. பெரும்பாணாற்றுப்படையில நெய் விக்கிற ஆய்மகள் நெய்க்குப் பசும்பொன்னே குடுத்தாலும் வாங்கமாட்டா, எருமைதான் கேப்பா ஏட்டி, பொன்னை வெச்சு அவ என்ன பண்ணுவா, எருமைன்னா பால் கறக்கலாம்னாரு. யாருக்கு எது உதவுதோ அதுதான் வெலைனு ஒரு கிளாஸ் எடுத்தாரு. எருமைக்கு வயசு என்னனு பாட்டுல இருக்காப்பானு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இருக்கு. இளசாத்தான் கேக்கா"ன்னாரு.

ஜூலை 16

கிராஸ் மேட்ச்சுக்கு ரத்தம் குடுத்தாச்சு. என் ரத்தம் அந்தப் பையனோட, அந்தம்மா ரத்தம் இவரோட. ரெண்டுல ஒண்ணு பாசிட்டிவ்னாலும் மொத்தமும் போச்சு. பாசிட்டிவ்னா கெட்டது, நெகட்டிவ்னா நல்லதுனு அத்தைக்குப் புரிய வைக்கறதுக்குள்ள குக்கர்ல அஞ்சு விசில்.

ஜூலை 17

ஆடி பொறந்தாச்சு. ஆடில கத்தி படக்கூடாதுனு அத்தை. சரி, வாதாடலை.

ஜூலை 19

ரெண்டும் நெகட்டிவ்.

அழுதேன். சந்தோஷமானு தெரியல. இனிமே எனக்கு சாக்கு இல்லங்கறதும் அதுல இருந்துச்சோ என்னமோ.

ஜூலை 24

கண்டிவலிலேர்ந்து தேப்லா வந்துச்சு, குஜராத்திச் சப்பாத்தி, ஒரு டப்பா நிறைய, கூட மாங்கா ஊறுகாய். ஊறுகாய் இவர் கண்ணுல படாம ஒளிச்சு வெச்சேன். டப்பாவை வெறுமனே திருப்பக் கூடாதே, முறுக்கு சுத்திப் போட்டேன். வெங்காயம் பூண்டு படாத எண்ணெயானு ரெண்டு தடவை யோசிச்சு புது எண்ணெய் உடைச்சேன். அந்தம்மா ஃபோன்ல நீங்க ரொம்ப நிறைய குடுத்துட்டீங்கனு சொன்னாங்க. முறுக்கைத்தான் சொன்னாங்க.

ஜூலை 30

மாத்திக்க அனுமதி குடுக்கற கமிட்டி. காலைல போய் உக்காந்து சாயந்தரம்தான் கூப்பிட்டாங்க. கேமரா வெச்சு வீடியோ எடுக்கறாங்க. ஒருத்தர் கேட்டாரு, யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா, காசு பேசினாங்களா, உங்க கிட்னி உங்க வீட்டுக்காரருக்குப் போகலைனு தெரியுமா, அந்தப் பக்கம் வெச்ச கிட்னி வேலை செஞ்சு உங்க பக்கம் வேலை செய்யாம போகலாம், அது புரியுதா. புரியுதுன்னேன். புரிஞ்சுதான் ஒத்துக்கறீங்களா. ஆமா. கையெழுத்து. கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, பாப்பாவோட பர்த் சர்டிபிகேட் எல்லாம் காட்டி நான் இவர் பொண்டாட்டிதான்னு நிரூபிச்சேன். இருபது வருஷமா சமைச்சுப் போட்டது செல்லாதாம்.

ஆகஸ்ட் 3

பாப்பா எக்கனாமிக்ஸ் படிக்கறா இல்ல, நோபல் கதை சொன்னா. ஆல்வின் ராத்னு ஒருத்தர், 2012ல வாங்கினாராம், காசு வெக்க முடியாத எடத்துல யாரை யாரோட ஜோடி சேக்கறதுங்கற கணக்குக்காக. அதுல கிட்னியும் ஒண்ணு. ரெண்டு குடும்பம் மட்டுமில்ல, மூணு நாலுனு சுத்தி விடலாமாம். அம்மா, ஓ குரூப் பேஷன்ட்டுக்குத்தான் இதுல ஜோடி கெடைக்கறது கஷ்டம், ஏன்னா ஓ டோனர் வீட்டுலயே யாருக்கு வேணா குடுத்துடலாம், மாத்திக்க வரவே மாட்டாங்கங்கறா. அப்ப நாங்க ஏ, பினு இருக்கறது அதிர்ஷ்டமா. வயசு கணக்கு அந்தப் புரொபசர் போட்டாரானு கேட்டேன். "அம்மா, நீ இன்னும் அதுலயே இருக்கியா"ங்கறா.

ஆமா.

ஆகஸ்ட் 9

நேத்து ராத்திரி பதினொண்ணரைக்கு கோஆர்டினேட்டர் ஃபோன். அந்தப் பையன் பேரு மூளைச்சாவு ஆனவங்க கிட்னிக்குக் காத்திருக்கற லிஸ்ட்லயும் இருக்குனு எனக்கு அது வரைக்கும் தோணவே இல்ல. ஒரு கிட்னி வருது, இவன் ரெண்டாவது ஆளா ஸ்டாண்ட்பைல, முதல் ஆளுக்கு மேட்ச் ஆகலைன்னா இவனுக்கு. கெடைச்சுட்டா எங்க பேச்சு முடிஞ்சது. அவங்க அம்மாவுக்குக் கத்தியே படாம பையனுக்குக் கெடைக்கும்போது எந்தத் தாய் வேணாம்பா? நானா இருந்தா ஓடியிருப்பேன். டப்பால முறுக்கு அனுப்பினதுக்காக நிப்பாங்களா என்ன. ராத்திரி முழுக்க முருகா அவனுக்கு வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு இருந்தேன். நடுவுல, யாரோ ஒருத்தர் வீட்டுல இப்ப அழுதுட்டு இருப்பாங்கனு தோணுச்சு, அப்பவும் நிறுத்தலை. இவருக்கு சொல்லலை. காலைல ஆறு மணிக்கு மெசேஜ், முதல் ஆளுக்கே போயிடுச்சு.

ஏழு மணிக்கு அந்தம்மா ஃபோன் பண்ணி, நானும் தூங்கலைனு மட்டும் சொன்னாங்க. எதுக்காகனு நானும் கேக்கலை அவங்களும் சொல்லலை.

ஆகஸ்ட் 12

பாண்டிவாலி திரும்ப வந்தா. அந்தக் கடாயை மாத்திக் குடுனு கேட்டேன், அடி புடிக்குதுனு. மாத்தறதுக்கு ரெண்டு சட்டையாம். போடீன்னேன். போயிட்டா. அப்புறம் மாடி எறங்கிப் போய்க் கூப்பிட்டேன், அடுத்த சால், அந்த வீட்டு வரிசையையே தாண்டிட்டா.

ஆகஸ்ட் 17

அட்மிட். ஆடி நேத்தோட முடிஞ்சது, அத்தைக்குத் திருப்தி. நாளைக்குக் காலைல எங்க ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல உள்ள எடுத்துட்டுப் போவாங்களாம், என்னையும் அந்தம்மாவையும், பக்கத்துப் பக்கத்து தியேட்டர். ஒருத்தர் குடுத்துட்டு இன்னொருத்தர் பின்வாங்கிடக் கூடாதுல்ல. கைல காசு வாயில தோசைங்கறான் கொழுந்தன். நர்ஸ் வந்து இடது பக்கம் வயத்துல மார்க்கர்ல அம்புக்குறி போட்டுட்டுப் போச்சு.

அந்தம்மா பெட்டு எனக்கு எதிர்த்தாப்ல. அவங்களுக்கும் அம்புக்குறி. பையன் வந்து என் காலைத் தொட்டான், எனக்கு என்ன சொல்றதுனே தெரியல, நல்லா இருனு தமிழ்ல சொன்னேன்.

கிரியாட்டினின் இவருக்கு 9.1. பத்து மணிக்கு மேல ஒரு சொட்டு தண்ணி கூட கூடாதாம். இவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்னு அளந்து குடிச்சு வருஷக்கணக்கா பழகிப் போச்சு, எனக்கு இப்ப ஒம்பதே காலுக்கே தாகம் எடுக்குது.